இரவு 10 பாகைக்கு இறங்கும் முன்: ஸ்காபரோ வளவில் செப்ரெம்பர் வேலைகள்

செப்ரெம்பர் பிறந்தால் எங்கள் ஆட்கள் பலர் வளவைக் கைவிட்டுவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும், கோயில் திருவிழாக்கள் முடிந்துவிடும், புடலங்கொடியில் கீழ் இலைகள் மஞ்சளாகும். இனி வசந்தத்தில் பார்ப்போம் என்று மண்வெட்டியைக் கராஜுக்குள் சாத்திவிடுவார்கள். என்னைக் கேட்டால், ரொறன்ரோப் பக்கம் வளவு வைத்திருப்பவருக்கு வருடத்திலேயே பெறுமதியான ஆறு கிழமை இதுதான். மே மாதத்தில் புல்விதை வாங்கச் சனம் முண்டியடிக்கும். இப்போது போனால் அதே இறாக்கைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. சில வேளை விலையும் குறைத்துப் போட்டிருப்பார்கள்.

காரணம் மண்ணில்தான் இருக்கிறது. கோடை முழுக்க வாங்கிய சூட்டை மண் லேசில் விடாது. மேலே காற்றுக் குளிர்ந்திருக்கும், காலையில் பனித்துளி விழும், வெயிலின் கடுமை போயிருக்கும். இங்கே நாங்கள் வைத்திருக்கும் புல்லுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வசந்தத்தில் நிலைமை நேர்மாறு. காற்று இளஞ்சூடாக இருக்கும், மண் இன்னும் குளிரில் கிடக்கும், விதை முளைக்கப் பஞ்சிப்படும். முளைத்து வேர் விடும் நேரம் களையும் சேர்ந்து எழும்பும். அப்புறம் யூலை வெயில் வந்து, வேர் ஓடாத இளம் புல்லைக் கருக்கிவிடும். செப்ரெம்பரில் போட்ட புல்லுக்கு அந்த வெயில் வர இன்னும் பத்து மாதம் கிடக்கிறது.

புரட்டாதியில் விதைப்பது எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவமழையை நம்பி வயலை உழுது நெல் விதைக்கிற காலமும் ஏறக்குறைய இதுதான். அங்கே வானத்தைப் பார்த்தோம். இங்கே நான் பார்ப்பது இரவு வெப்பநிலையை.

கலண்டரை நம்பி இந்த வேலைகளைச் செய்ய முடியாது. பகலில் 24 பாகை அடிக்கும், சேர்ட்டோடு நின்று வேலை செய்யலாம். அன்றிரவே 9 பாகைக்கு இறங்கிவிடும். தொலைபேசியில் காலநிலையைப் பார்ப்பவர்கள் பெரிய எழுத்தில் இருக்கிற பகல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். பக்கத்தில் சின்னதாக இருக்கிற மற்ற எண்தான் எனக்கு வேண்டியது. அது 12, 10 என்று வந்தால் சாடிகள் உள்ளே வரவேண்டும். 3, 2 என்று வந்தால் காய்களைப் பிடுங்க வேண்டும். பூச்சியம் வந்தால் கொடிகளின் கதை முடிந்தது. ஒன்ராறியோ ஏரிக்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உறைபனி கொஞ்சம் பிந்தும், ஏரித் தண்ணீர் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால். மார்க்கம், ஸ்டூவில் என்று வடக்கே போகப் போக அது முந்தி வரும். ஸ்காபரோவுக்குள்ளேயே ஏரியை ஒட்டிய புளஃப்ஸ் பக்கம் ஒரு கதை, வடக்கு எல்லையில் ஸ்ரீல்ஸ் வீதிப் பக்கம் ஒரு கதை.

சரி, புல்லுக்கு வருவோம்.

எனக்குத் தம்பி முறையான ஒருவர் ஏஜாக்ஸில் வீடு வாங்கியிருக்கிறார். போன கிழமை தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, முன்வளவு முழுக்க றக்கூன் கிண்டிப் போட்டிருக்கு. ஒவ்வொரு இரவும் வருகுது. என்ன மருந்து அடிக்கிறது?"

"மருந்து இருக்கட்டும் தம்பி. கிண்டின இடத்துக்குப் பக்கத்தில புல்லைப் பிடிச்சு ஒருக்கா இழுத்துப் பார்."

"இழுத்தால் பாய் மாதிரிச் சுருண்டு வருகுது அண்ணை."

அதோடு விஷயம் விளங்கிவிட்டது. றக்கூனும் ஸ்கங்கும் புல்லைத் தேடி வருவதில்லை. புல்லுக்குக் கீழே இருக்கிற புழுவைத் தேடி வருகின்றன. வெள்ளை உடம்பு, மண்ணிறத் தலை, முன்பக்கம் ஆறு கால், தொட்டால் வளைந்து சுருளும். ஐரோப்பியன் சேஃபர், யப்பானிய வண்டு என்கிற இரண்டின் புழுக்களும்தான் இங்கே அதிகம். வண்டுகள் கோடையில் புல்தரைக்குள் முட்டையிடுகின்றன. பொரித்த புழுக்கள் ஓகஸ்ட், செப்ரெம்பரில் புல்லின் வேரைத் தின்று கொழுக்கின்றன. வேர் போனபின் புல்லை மண்ணோடு பிடித்து வைக்க ஒன்றுமில்லை, அதனால்தான் உரிந்து வருகிறது. தண்ணீர் காணாமல் காய்ந்த புல் இப்படி வராது. இழுத்தால் அறுந்துதான் வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் புழு தின்ற இடத்துக்குக் கிழமைக் கணக்கில் தண்ணீர் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாகப் புல்லை மூன்று பக்கம் வெட்டி, மடித்துத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஒன்று இரண்டு புழு எந்த வளவிலும் இருக்கும், அதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஐந்து, பத்து என்று போனால் யோசிக்க வேண்டும்.

மருந்து என்று தம்பி கேட்டாரே, அதற்கு வருகிறேன். ஒன்ராறியோவில் 2009 ஏப்பிரல் 22 முதல், அழகுக்காக மட்டும் புல்தரைக்கும் பூந்தோட்டத்துக்கும் இரசாயனப் பூச்சிகொல்லி, களைகொல்லி அடிப்பது தடை. எனக்கு இந்தச் சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பேரப்பிள்ளைகள் உருண்டு விளையாடுகிற இடத்தில் என்ன நஞ்சு கிடக்கிறது என்று யோசிக்காமல் இருக்கலாம். புழுவுக்கு இப்போது கைவசம் உள்ளது நெமற்ரோட் என்கிற கண்ணுக்குத் தெரியாத உருளைப்புழு. அது வண்டுப் புழுவுக்குள் நுழைந்து அதைக் கொன்றுவிடும். தோட்டக் கடைகளில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து விற்பார்கள். உயிருள்ள சாமான் என்பதால் திகதியைப் பார்த்து வாங்க வேண்டும், வீட்டிலும் குளிரில்தான் வைக்க வேண்டும். வெயில் பட்டால் செத்துவிடும். பின்னேரம் வெயில் தாழ்ந்தபின் தண்ணீரில் கலந்து விடுங்கள். விடுமுன் மண் நனைந்திருக்க வேண்டும், விட்ட பின்னும் ஓரிரு கிழமைக்கு ஈரம் காயக்கூடாது. புழுக்கள் சிறிதாக, மேலாகக் கிடக்கிற இந்த நேரத்தில்தான் இது நன்றாகப் பிடிக்கும். பனிக்காலத்துக்கு அவை கீழே இறங்கிவிடும். வசந்தத்தில் மேலே வரும்போது பருத்துத் தடித்திருக்கும், அப்போது இது அவ்வளவு எடுபடாது. எங்கள் ஆட்கள் நெமற்ரோட் வாங்கிக் காசு போனது என்று சொல்வதில் பாதி, காய்ந்த மண்ணில் மத்தியான வெயிலில் விட்ட கதையாகத்தான் இருக்கும்.

புழு இல்லாதவர்கள் நேரே விதைப்புக்குப் போகலாம். இங்கே பெரும்பாலும் களிமண். புதிய குடியிருப்புகளில் வீடு கட்டும்போது கனரக வாகனங்கள் ஓடி இறுக்கிய களிமண்ணுக்கு மேல் கொஞ்ச மேல்மண் போட்டுப் புல்லை விரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அதற்குத்தான் ஏரேற்றர் மெசின். மண்ணைச் சிறு சிறு உருளைகளாகத் தோண்டி வெளியே போட்டுக்கொண்டு போகும். நாளுக்கோ அரை நாளுக்கோ வாடகைக்கு எடுக்கலாம். பாரமான மெசின், மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து எடுத்தால் காசும் மிச்சம், இறக்கி ஏற்ற ஆளும் கிடைக்கும். தோண்டிய உருளைகளை அள்ளி எறிய வேண்டாம், மழைக்குக் கரைந்து போகும். ஆணி பூட்டிய செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதெல்லாம் வேடிக்கை. அது துளையைச் சுற்றி மண்ணை இன்னும் இறுக்கத்தான் செய்யும்.

புல்லைக் கொஞ்சம் கட்டையாக வெட்டி, காய்ந்த சருகை றேக்கால் வழித்து, ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குக் கொம்போஸ்ற் தூவி, அதன்மேல் விதையைப் போடுங்கள். இருக்கிற புல்லுக்கு மேலே போடுவதென்றால் 100 சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 2 கிலோ போதும். பையின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தில் என்ன கலவை என்று பாருங்கள். கென்ரக்கி புளூகிறாஸ் வெயிலுக்கு நல்லது, தானாகப் படர்ந்து ஓட்டையை மூடும், ஆனால் முளைக்க இரண்டு மூன்று கிழமை எடுக்கும். பெரனியல் றைகிறாஸ் ஒரு கிழமைக்குள் முளைத்துவிடும். மேப்பிள் மரநிழலுக்கு ஃபைன் ஃபெஸ்கியூதான் தாக்குப்பிடிக்கும். கலவையாகப் போட்டால் றைகிறாஸ் முதலில் பச்சை காட்டும். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் முளைத்தாயிற்று என்று தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். புளூகிறாஸ் அப்போதுதான் கண் விழிக்கும். முளைக்கும் வரை காலையும் பின்னேரமும் மேலாக நனைத்தால் போதும். முளைத்தபின் நாள் விட்டு ஆழமாக.

இதையெல்லாம் செப்ரெம்பர் மூன்றாம் கிழமைக்குள் முடிக்கப் பாருங்கள். அதற்குப் பிந்தினால் முளைக்கும், ஆனால் வேர் ஓடமுன் குளிர் பிடித்துவிடும்.

பசளை போடுவதென்றால் இப்போது ஒருமுறை போடலாம். பசளைப் பையில் மூன்று எண்கள் இருக்கும், புல்லுக்கு அதில் முதல் எண் (நைதரசன்) பெரிதாக உள்ள பை. சுண்ணாம்பு பற்றி மட்டும் ஒரு வார்த்தை. யாரோ சொன்னார்கள் என்று வருடா வருடம் சுண்ணாம்பு மூட்டை வாங்கித் தூவுகிறார்கள். ரொறன்ரோப் பக்கத்து மண் பெரும்பாலும் ஏற்கெனவே காரத்தன்மை கொண்டது. மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் அதற்கு மேலும் சுண்ணாம்பு கொட்டுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. மஞ்சள் பூப் பூக்கிற டான்டலையன் களையைப் பிடுங்குவதற்கும் இது நல்ல நேரம். பனிக்காலத்துக்கு உணவை வேருக்குள் இறக்குகிற காலம், மழை பெய்த மறுநாள் நீளமான கத்தியால் ஆணிவேரோடு எடுத்துவிட்டால் திரும்பி வருவது குறைவு. கிராப்கிறாஸ் என்கிற புல்களையை இப்போது மினக்கெட்டுப் பிடுங்கத் தேவையில்லை. உறைபனிக்குத் தானே சாகும்.

புல்லுக்கு இவ்வளவு எழுதினாலும் எங்கள் வீட்டில் அது இரண்டாம் பட்சம்தான். விதைப் பையோடு முன்வளவுக்குப் போகும்போதே பின்னால் குரல் வரும்.

"இஞ்சாருங்கோ, புல்லைப் பிறகு பாக்கலாம். முதல் கறிவேப்பிலையை உள்ளுக்கு எடுங்கோ. இரவைக்குக் குளிருமாம்."

நியாயம்தான். புல் செத்தால் விதை வாங்கலாம். இந்தக் கறிவேப்பிலைக் கன்று ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் இரண்டு இலையோடு வந்து, இன்று என் தோளுயரம் நிற்கிறது. அதற்கு எத்தனை பேர் கேட்டு வருகிறார்கள் தெரியுமா? கல்யாண வீடு, அந்தியேட்டி, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் இங்கிருந்து ஒரு கொத்துப் போகும்.

இரவு 12 பாகைக்கு இறங்கத் தொடங்கியதும் நான் அதற்கு ஆயத்தம் செய்யத் தொடங்குவேன். ஒரேயடியாக வெயிலிலிருந்து தூக்கிக் குசினி யன்னலுக்கு முன் வைத்தால் இலையைக் கொட்டிவிடும், வெளிச்சம் குறைந்த அதிர்ச்சி அதற்குத் தாங்காது. அதனால் முதலில் வீட்டுச் சுவர் ஓரமாக நிழலுக்கு நகர்த்துவேன், ஒரு கிழமை அங்கே. அந்தக் கிழமையில் தண்ணீரைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தையும் கவட்டுகளையும் கழுவ வேண்டும். பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வாசனையில்லாத திரவச் சவர்க்காரம் கலந்து தண்டு, இலை எல்லாம் நனைய விசிற வேண்டும்; சில நாள் விட்டு இன்னொரு முறை. தண்டோடு ஒட்டிக் கிடக்கும் மண்ணிறச் சொறி போல ஒன்று தெரிந்தால் அது செதிற்பூச்சி, நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெளியே இருக்கும்வரை பூச்சியைத் தின்ன வேறு பூச்சி இருக்கும். உள்ளே ஹீற்றர் போட்ட காய்ந்த காற்றில் சிவப்புச் சிலந்திப்பூச்சி ஒன்று போனால் தைப்பொங்கலுக்குள் மரம் மொட்டை.

உள்ளே வந்தபின் தெற்குப் பார்த்த யன்னல். தண்ணீர் நன்றாகக் குறைக்க வேண்டும். விரலை விட்டுப் பார்த்து இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும். பங்குனி வரைக்கும் பசளை வேண்டாம். கறிவேப்பிலையைக் குளிர் கொன்றது என்று சொல்கிற வீடுகளில் விசாரித்துப் பார்த்தால் முக்கால்வாசி, நாளாந்தம் தண்ணீர் விட்டு வேரை அழுகவைத்த கதையாக இருக்கும்.

முருங்கைக்கு இவ்வளவு உபசாரம் இல்லை. இலையை ஆய்ந்து வறுத்துவிட்டு, தண்டை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, சாடியோடு பேஸ்மென்றில் வைத்துவிடுவோம். இலையில்லாமல் தூங்கும். வல்லாரையும் பொன்னாங்காணியும் தட்டில் வைத்து யன்னலில். நல்ல காய் தந்த மிளகாய்க் கன்று ஒன்றையும் கட்டையாக வெட்டிச் சாடியில் மாற்றி எடுத்து வைக்கலாம், அடுத்த கோடையில் கடையில் வாங்கிய கன்றுகளை விட முந்திக் காய்க்கும்.

கொடிகளுக்கு இப்போது செய்யக்கூடியது கொஞ்சம்தான். புடல், பாவல், சுரை எல்லாவற்றிலும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். இனிப் பூக்கிற பூ காயாகப் போவதில்லை, இருக்கிற காயாவது முற்றட்டும். விதைக்கு விட்ட புடலங்காய் கொடியிலேயே செம்மஞ்சளாகப் பழுக்க வேண்டும். பழுத்ததும் விதையைக் கழுவி நிழலில் உலர்த்திக் கடதாசி உறையில் போட்டு, பெயரும் வருடமும் எழுதுங்கள். பிளாஸ்ரிக் பையில் போட்டால் ஈரம் இருந்து பூஞ்சணம் பிடிக்கும். பக்கத்தில் வேறு இனப் புடல் நின்றிருந்தால் பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிட்டிருக்கும், அடுத்த வருடம் நெட்டைக்குப் பதிலாகக் கட்டைக் காய் வந்தால் என்னைத் திட்டக்கூடாது.

தக்காளிக்கும் இனிச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். உறைபனி எச்சரிக்கை வந்த அன்று பின்னேரம் பச்சையோ பழமோ எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவோம். கொஞ்சம் வெளிறத் தொடங்கியது எல்லாம் வீட்டுக்குள் பழுக்கும். யன்னல் வெயிலில் அடுக்கத் தேவையில்லை, பெட்டிக்குள் ஒரு வாழைப்பழத்தோடு வைத்தால் போதும். ஃபிரிட்ஜுக்குள் மட்டும் வைக்காதீர்கள். கடும் பச்சையாக இருப்பது பழுக்காது. அது பாற்கறிக்கு. எங்கள் வீட்டில் தேங்காய்ப் பால் விட்ட பச்சைத் தக்காளிக் கறிக்கு இருக்கிற மரியாதை பழுத்த தக்காளிக்கு இல்லை.

கொடிகளை இழுத்து, வெறுமையான பாத்திக்குள் உள்ளி ஊன்றலாம். ஒக்ரோபர் நடுப்பகுதி, நன்றி கூறும் நாள் விடுமுறையை ஒட்டி. இங்கே உள்ளிக்குப் பனிக்காலம் கட்டாயம் வேண்டும். குளிரில் கிடந்தால்தான் அது பல்லுப் பல்லாகப் பிரியும். சுப்பர்மார்க்கெற் உள்ளியை ஊன்றாதீர்கள். அதில் கணிசமானது வெளிநாட்டிலிருந்து வருவது, எங்கள் குளிருக்குப் பழகாத இனமாக இருக்கலாம். உழவர் சந்தையில் இந்நேரம் ஒன்ராறியோ உள்ளி வரும், அதில் மியூசிக் என்கிற இனம் கிடைத்தால் விடாதீர்கள். ஆறேழு பெரிய பல்லு, உரித்தால் கைக்கு வேலை குறைவு. பல்லைத் தோலோடு, கூர் மேலே பார்க்க, தலைக்கு மேல் 5 சென்ரிமீற்றர் மண் இருக்கும்படி, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சாண் விட்டு ஊன்றி, மேலே வைக்கலோ இலையோ போட்டு மூடுங்கள். யூன் மாதத்தில் சுருண்டு வரும் பூத்தண்டை முறித்து வறுக்கலாம். யூலையில் உள்ளி.

பூக்கன்றுகளில் நான் அதிகம் தலையிடுவதில்லை. பியோனியைப் பிரித்து நடுவதென்றால் இப்போது செய்யலாம், ஆனால் சிவப்பு முளைக்கண்கள் 5 சென்ரிமீற்றருக்குக் கீழே போகக்கூடாது, போனால் இலை மட்டும்தான் வரும். ரியூலிப் கிழங்கை ஒக்ரோபரில் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் தாட்டு, அணில் கிண்டாமல் கோழிக்கூட்டுக் கம்பிவலையை மேலே விரித்து மண் போடுங்கள். அணிலோடு மல்லுக்கட்ட மனமில்லாதவர்கள் டஃபடில் நடுங்கள், அது நஞ்சு, அணில் தொடாது. லைலாக், ஃபோர்சீதியா இரண்டையும் "துப்புரவாக்குகிறேன்" என்று இப்போது வெட்டவே வேண்டாம். வசந்தத்துப் பூ மொட்டு இப்போதே கிளையில் இருக்கிறது. காய்ந்த எக்கினேசியாத் தலைகளை நான் வெட்டுவதில்லை. மஞ்சள் ஃபிஞ்சுக் குருவிகள் வந்து விதையைக் கொத்தும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது குப்பையாகத் தெரிகிறது. தெரியட்டும்.

மேப்பிள் இலை கொட்டத் தொடங்கியதும் கடதாசிப் பைகளுக்கு எல்லோரும் ஓடுவார்கள். முதல் இரண்டு மூன்று தரம் விழும் இலையைப் புல் வெட்டும் மெசினால் அப்படியே அரைத்துப் புல்லுக்குள் விட்டுவிடலாம், பசளைதான். புதிய விதை போட்ட இடத்தில் மட்டும் இலை தங்கவிடாமல் மெதுவாக எடுங்கள், இளம் முளை மூச்சு முட்டிச் சாகும். நார்வே மேப்பிள் இலையில் இருக்கும் கரும்புள்ளியைக் கண்டு பயப்பட வேண்டாம், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்த இலைகளை மட்டும் நான் பையில் கட்டி, மாநகரசபை எடுக்க வருகிற நாளில் வெளியே வைத்துவிடுவேன்.

வெளிக் குழாயின் வால்வைப் பேஸ்மென்றில் பூட்டி, ஹோஸைக் கழற்றித் தண்ணீர் வடித்துச் சுருட்டுவது ஒக்ரோபர் கடைசி வேலை. ஒரு குளிர் இரவு கண்டதும் அவசரப்பட்டு அதைச் செய்துவிடாதீர்கள். விதை போட்டிருக்கிறீர்கள், இன்னும் தண்ணீர் வேண்டும்.